காவலுக்கு வந்தவரும் அனுமதி கேட்க வேண்டும்

பெங்களூரில், மல்லேஸ்வரத்தில் நான் குடியிருக்கும் தெருவில் ஓர் ஆசிரியை வசிக்கிறார். மாணவர்களின் மதிப்பெண்களை இணையத்தில் பதிவு செய்வதற்காக ஒரு நாள் அவர் தம் கணினியைத் திறந்தபோது, வழக்கமான முகப்புப் பக்கத்துக்குப் பதிலாக வேறொன்று தோன்றியது. தேடிய சொற்களுக்கும் விடை புதியதொரு தளத்திலிருந்து வந்தது. வைரஸ் புகுந்துவிட்டதோ என்று அஞ்சி என்னை அழைத்தார். சென்று பார்த்ததில், புகுந்திருந்தது வைரஸ் அன்று. வைரஸைத் தடுப்பதற்காக முதல் நாள் அவர் நிறுவிய மென்பொருள் தன்னுடன் கொண்டுவந்த ஒரு நீட்டிப்பே அது. "காவலுக்கு ஆள் வைத்தேன், சார், அவன் கேட்காமலே தன் உறவினரையும் கூட்டிவந்து குடிவைத்துவிட்டான்" என்றார் அவர்.

இது சிறிய தொல்லை என்று பலர் கருதுவர். அவ்வாறு விட்டுவிடத்தக்கது அன்று என்பதே என் கருத்து.

குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் போன்றவற்றை உலாவி என்கிறோம். உலாவியுடன் இணைந்து அதற்குப் புதிய வேலைகளைச் செய்யும் ஆற்றலைத் தரும் சிறு நிரலே நீட்டிப்பு. ஆபத்தான தளங்களைப் பற்றி எச்சரிக்க வேண்டுமாயின், நாம் செல்லும் தளங்களின் முகவரிகளை அது அறிந்தாக வேண்டும். ஆகவே இத்தகைய நீட்டிப்புகள் பெரும்பாலும் எல்லாத் தளங்களிலும் உள்ள விவரங்களைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி பெறுகின்றன. மாணவரின் பெயர், பெற்றோரின் தொலைபேசி எண், விவசாயியின் வங்கிக் கணக்கு ஆகியவை நம் திரையில் தோன்றும்போது, அந்த நீட்டிப்பின் பார்வைக்கும் எட்டுகின்றன. இவை நம் சொந்த விவரங்கள் அல்ல. பிறர் நம்மை நம்பி ஒப்படைத்தவை.

இது வெறும் ஐயம் அன்று. ஏவிஜி நிறுவனத்தின் வைரஸ் எதிர்ப்பு மென்பொருளுடன் 'வெப் டியூன்அப்' என்ற நீட்டிப்பு குரோம் உலாவியில் நிறுவப்பட்டு வந்தது. அதிலிருந்த குறைகளால் பயனாளர் சென்ற தளங்களின் விவரம் பிறர் கைக்கு எட்டக்கூடும் என்பதை 2015 டிசம்பரில் கூகிள் நிறுவன ஆராய்ச்சியாளர் டேவிஸ் ஆர்மண்டி எடுத்துக்காட்டினார். அப்போது அதனைக் கொண்டிருந்தோர் ஏறத்தாழ 90 லட்சம் பேர். குறை பின்னர் திருத்தப்பட்டது.

அடுத்தது அவாஸ்ட் நிறுவனத்தின் விவகாரம். அதன் நீட்டிப்புகள் தேவைக்கு மிஞ்சிய விவரங்களைத் திரட்டுவதாகப் புகார் எழுந்ததால், 2019 டிசம்பரில் மொஸில்லா அவற்றைத் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. திரட்டிய விவரங்களை விற்று வந்த ஜம்ப்ஷாட் என்னும் துணை நிறுவனத்தை மூடுவதாக 2020 ஜனவரியில் அவாஸ்ட் அறிவித்தது. அந்த விவரங்கள் 100-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு விற்கப்பட்டன என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2024 பிப்ரவரியில் குற்றம் சாட்டியது. அவாஸ்ட் அதனை ஏற்கவில்லை. எனினும் 1 கோடியே 65 லட்சம் டாலர் செலுத்த இணங்கியது.

இந்த நீட்டிப்புகள் மோசடித் தளங்களைத் தடுக்கின்றனவே என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும் அப்பணியை இன்று உலாவிகளே பெருமளவு செய்கின்றன. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் ஆகியவற்றில் கூகிளின் 'சேஃப் பிரவுசிங்' என்ற ஏற்பாடும், எட்ஜில் 'ஸ்மார்ட்ஸ்கிரீன்' என்பதும் முன்பே அமைந்துள்ளன. அதற்கு மேலும் ஒருவர் நீட்டிப்பை விரும்பினால், தாமே தேர்ந்து நிறுவிக்கொள்ளட்டும். முன்கூட்டியே குறியிடப்பட்ட கட்டத்தைக் கவனியாமல் விட்டதை ஒப்புதல் என்று கொள்ளலாகாது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. அவ்வழக்கின் மனுதாரரான கே. எஸ். புட்டசாமி கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2023-இல் இயற்றப்பட்ட சட்டமும், ஒப்புதல் என்பது தடையின்றி, விஷயம் அறிந்து, தெளிவான செயலால் அளிக்கப்பட வேண்டும் என்று வகுத்துள்ளது. வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் செய்வோரும் இந்நெறிக்கு உட்பட்டவர்களாக நடக்க வேண்டும்.

நீக்கும் முறையிலும் ஓர் ஒழுங்கு உண்டு. உலாவியில் மட்டும் நீக்கினால், மூல மென்பொருள் அதனை மறுபடி நிறுவ முற்படலாம். ஆகவே முதலில் அந்த மென்பொருளின் அமைப்புகளைத் திறந்து, இணையப் பாதுகாப்பு அல்லது தேடல் என்ற தலைப்பின் கீழுள்ள உலாவிப் பகுதியை நிறுத்துக. அடுத்து, விண்டோஸில் நிறுவப்பட்ட நிரல்களின் பட்டியலில் அந்த நீட்டிப்போ கருவிப்பட்டையோ தனியே காணப்பட்டால் அதனை அகற்றுக. பிறகு உலாவியின் நீட்டிப்புகள் பக்கத்தில் நீக்குக. முகப்புப் பக்கத்தையும் தேடுபொறியையும் பழையபடி அமைத்துக் கணினியை மீண்டும் தொடங்குக. ஒரே கணக்கைப் பல கணினிகளில் உபயோகிப்போர் எல்லாவற்றிலும் பார்க்க வேண்டும். ஒன்றில் எஞ்சியது மற்றொன்றுக்குத் திரும்பி வரக்கூடும்.

நீக்கும் பொத்தானே காணப்படாமல், நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது என்ற குறிப்பு இருந்தால், அலுவலகக் கணினியில் நாமாக எதுவும் செய்யலாகாது. பொறுப்பாளரிடம் தெரிவிக்க வேண்டும். நீட்டிப்பின் மேலுள்ள கோபத்தால் பாதுகாப்பையே கைவிடுவதும் தவறு. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் டிஃபெண்டர் என்ற பாதுகாப்பு உடன் அமைந்துள்ளது. வேறு மென்பொருளை அகற்றினால், அது மீண்டும் இயங்குகிறதா என்பதை உறுதி செய்துகொள்வது அவசியம்.

மல்லேஸ்வரத்து ஆசிரியையின் கணினியைச் சீர்செய்ய அரை மணி நேரம் போதுமானதாயிற்று. மறுநாள் அவர் தம் வகுப்பில், மென்பொருள் நிறுவும்போது தோன்றும் ஒவ்வொரு கட்டத்தையும் படித்த பின்பே 'அடுத்து' என்பதை அழுத்த வேண்டும் என்று பாடம் நடத்தினார். கள அலுவலர்களும் ஆசிரியர்களும் தத்தம் இடத்தில் இதைச் செய்வார்களாயின், பிறர் விவரங்களைக் காக்கும் பொறுப்பில் ஒரு பகுதியையேனும் நிறைவேற்றியவர்கள் ஆவார்கள்.