கீபோர்ட் வாங்கப் போகும் வாப்பாமாருக்கு



இந்தப் பதிவு சிலருக்குக் கசக்கும். பரவாயில்லை, கடைசி வரை வாசித்துவிட்டு ஏசுங்கள்.

சாதாரண தரப் பரீட்சை முடிந்தால் பிள்ளைக்கு ஒரு மெக்கானிக்கல் கீபோர்ட் என்பது இப்போது நம்மிடம் ஒரு வழக்கமாகி வருகிறது. வாங்கிக் கொடுங்கள், நான் தடுக்கவில்லை. நல்ல சாமான்தான். ஆனால் கடையில் வாப்பாவும் மகனும் கேட்கும் கேள்விகள் என்ன? எத்தனை நிறத்தில் லைட் எரியும்? வயர்லெஸா? கேமுக்குச் சரிவருமா? "இதில் தமிழ் அடிக்க வசதி எப்படி?" என்று கேட்ட ஒருவரையாவது எனக்குக் காட்டுங்கள்.

நம் பிள்ளைகள் படிப்பது தமிழ் மொழிமூலம். பரீட்சை எழுதுவது தமிழில். 1987 இல் 13ஆம் திருத்தம் வந்த நாளிலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. அப்படியிருக்க, பிள்ளைக்கு வாங்கும் கருவியில் மட்டும் தமிழ் ஏன் கணக்கில் வருவதில்லை?

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. இப்போது பிள்ளைகள் அதிகம் கேட்பது 61 பொத்தான் உள்ள சின்னக் கீபோர்ட். மேசையில் இடம் மிச்சம், பார்க்க அழகு. நம்மவர்கள் பெரும்பாலும் பழகியது பாமினி ஒழுங்கு. அதில் 'ஹ' எங்கே இருக்கிறது? இலக்கம் 1 இற்கு இடப்பக்கத்துப் பொத்தானில். இந்தச் சின்னக் கீபோர்ட்களில் பெரும்பாலும் அந்த இடத்தில் எஸ்கேப் பொத்தான்தான் இருக்கும். 'ஹ' வேண்டுமென்றால் எப்.என். பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டும். ஹஜ், ஹதீஸ், ஹலால், முஹம்மத், ஹஸன், ஸஹ்ரா என்று நாளுக்கு நூறு தடவை 'ஹ' எழுதும் சமூகம் நாம். பெருந்தொகை கொடுத்து, நமக்கு மிகவும் தேவையான எழுத்தை ஒளித்து வைத்த சாமானைத் தேடி வாங்குகிறோம்!

இதற்கு வழி இல்லையா? தாராளமாக இருக்கிறது. மெக்கானிக்கல் கீபோர்டின் உண்மையான பெறுமதியே அங்கேதான். கியூ.எம்.கே. அல்லது வியா என்ற மென்பொருளை ஏற்கும் கீபோர்ட் என்றால் எந்தப் பொத்தான் என்ன வேலை செய்ய வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம். யாருக்கும் பெரிதாகப் பயன்படாத கேப்ஸ் லொக் பொத்தானை 'ஹ' வாக்கலாம். அந்த மாற்றம் கீபோர்டுக்குள்ளேயே பதிந்திருக்கும். வேறு கொம்பியூட்டரில் பூட்டினாலும் கூடவே வரும். இதைச் செய்யத் தெரிந்த பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். ஆனால் லைட் அலை அலையாக ஓடுவதற்குத்தான் இரவு இரண்டு மணி வரை இருந்து செட்டிங் செய்கிறார்கள்.

"சேர், இப்ப எல்லாரும் இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடிக்கிறார்கள், அது போதும்தானே" என்பவர்களுக்கு என் பதில்: போதாது. ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே ஆங்கில எழுத்தைத் தட்டிப் பழகிய கை, விடைத்தாளிலும் தடுமாறுகிறது. விடைத்தாள் திருத்துபவன் என்ற முறையில் சொல்கிறேன், 'பள்ளி' 'பல்லி' ஆவதை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். மென்பொருள் ஊகித்துத் தரும் சொல்லைத் தெரிவு செய்யும் பிள்ளைக்கு, எழுத்தைத் தானே தெரிவு செய்யும் பழக்கம் எங்கிருந்து வரும்?

"போனில் வாயால் சொன்னால் எழுதிவிடுகிறதே" என்பார்கள். சுகம் விசாரிக்க அது சரி. வலயக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம், சங்கத்தின் ஆண்டறிக்கை, நான்கு பக்கக் கட்டுரை என்று வரும்போது பத்து விரலும் வேண்டும்.

அச்சு வேலை செய்யும் சகோதரர்களுக்கும் ஒன்று. பாமினி ஒழுங்கில் அடிப்பது வேறு, பாமினி எழுத்துருவில் சேமிப்பது வேறு. அந்த எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே பதிவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் ஜனாஸா அறிவித்தலும் அப்படித்தான் தெரியும். கை பழகிய ஒழுங்கை மாற்றாமலே யுனிகோடில் அடிக்கலாம். அதற்கான மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

இனிப் பழகப் போகும் பிள்ளைக்கு என் சிபாரிசு, 1999 இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99. உயிரெழுத்து இடக்கைக்கு, மெய்யெழுத்து வலக்கைக்கு. ஸ, ஷ, ஜ, ஹ நான்கும் ஷிப்டோடு கியூ, டபிள்யூ, ஈ, ஆர் பொத்தான்களில் வரிசையாக வரும். ஆகவே சின்னக் கீபோர்டிலும் சிக்கல் இல்லை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அது உள்ளேயே இருக்கிறது. நம் நாட்டுத் தரமான ரெங்கநாதன் ஒழுங்கைப் பழக்குவதென்றாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஏதாவது ஒன்றை முறையாகப் பழக்குங்கள்.

கடைக்குப் போனால் இவற்றைக் கேளுங்கள். பொத்தான்களை மாற்றியமைக்கும் மென்பொருள் வேலை செய்யுமா? சுவிட்சைக் கழற்றி மாற்றலாமா? அது முடிந்தால் ஒரு பொத்தான் பழுதானதற்காக முழுக் கீபோர்டையும் வீச வேண்டியதில்லை. மூடி பி.பி.டி.யா, ஏ.பி.எஸ்.ஸா? ஏ.பி.எஸ். சீக்கிரம் தேய்ந்து பளபளக்கும். நீல சுவிட்ச் ஒவ்வொரு தட்டுக்கும் 'கிளிக்' என்று கத்தும். ஒரே அறையில் தம்பி தங்கைகள் தூங்கும் வீட்டுக்குச் சிவப்பு அல்லது பிறவுண் நல்லது. தமிழ் எழுத்துப் பொறித்த மூடி நம் பக்கத்துக் கடைகளில் நான் இன்னும் காணவில்லை. கேட்க ஆளில்லாத சாமானை எந்த வியாபாரி இறக்குவார்? பத்துப் பேர் தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். அதுவரை ஸ்டிக்கர் ஒட்டிப் பழகட்டும்.

லைட் எரிந்தால் எரியட்டும், அது பிள்ளையின் ஆசை. ஆனால் காசு கொடுப்பவர் நீங்கள். வாங்கி வந்த அன்றே பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளையின் முழுப் பெயரையும் தமிழில் அடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் முதலில் அதைப் பழக்குங்கள், கேம் பிறகு.