உதைக்கத் தெரிந்த கால்

டூ ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் வண்டிகளில் எது கெட்டி என்று குதிரைத்திறனை வைத்துச் சண்டை போடுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். நான் முதலில் பார்ப்பது கிக்கரை. டூ ஸ்ட்ரோக் என்றாலே முகம் சுளித்தவர் சோய்சிரோ ஹோண்டா. அவர் கம்பெனியிலிருந்துதான் 1973 மாடலாக எல்சினோர் 250 வந்தது, பிறகு சிஆர் 500-ம் வந்தது. 2001 மாடலோடு கடை கட்டிய அந்த 500-ஐக் கிளப்பத் தனி தைரியம் வேண்டும். கிக்கரை மெல்ல அழுத்தி, கம்ப்ரஷன் தட்டுப்படும் இடத்தில் நிறுத்தி, உடம்புக் கனம் முழுவதையும் ஒரே மிதியில் இறக்க வேண்டும். அரைமனதோடு மிதித்தால் திருப்பி அடிக்கும், கணுக்கால் போச்சு! 2023 மாடல் கேடிஎம் 300 எஸ்எக்ஸில் பொத்தானைத் தொட்டால் போதும், கார்புரேட்டரும் கிடையாது. யமஹா ஒய்இசட் 250-ஓ 2005-இல் அலுமினியச் சட்டம் மாட்டிக்கொண்டது. ஆனால் கிக்கரையும் கார்புரேட்டரையும் இன்னும் விடவில்லை. சோம்பேறித்தனம் என்பார்கள். இருக்கட்டுமே, எனக்கு அந்தப் பிடிவாதம் பிடித்திருக்கிறது. ஒன்று கவனித்தீர்களா? பொத்தான் வைத்த கேடிஎம்முக்கும் பெட்ரோலில் ஆயிலை நாம்தான் அளந்து ஊற்றிக் கலக்க வேண்டும், எல்சினோர் காலத்தைப் போலவே.