அடுத்த வீட்டுப் புகை



பாலக்காடு நகரின் ஓரத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் இம்மாதம் நம் முன்னே இருக்கிறது. மூணாறு எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். கணவர் கோயம்புத்தூரில் வேலை செய்து ஞாயிறுதோறும் வீடு வருகிறார். நான்கு சென்ட் நிலத்தில் சிறிய வீடு. மதிலுக்கு அப்பால் இருப்பவர்கள் மாலைதோறும் தேக்குச் சருகையும் தென்னோலையையும் கூட்டித் தீயிடுகிறார்கள். மூத்த மகனுக்கு இளைப்பு நோய். அந்தப் புகை வந்த இரவெல்லாம் பிள்ளை உட்கார்ந்தே விடிகிறான். "நாம் தமிழர், அவர்கள் இந்த ஊர்க்காரர், கேட்டால் பகையாகிவிடுமோ என்று பயந்து, ஜன்னலை அடைத்துக்கொண்டு ஜெபிக்கிறேன்" என்கிறார்.

ஜெபிப்பது நல்லது. ஆனால் ஜன்னலை அடைப்பதனால் புகை நின்றுவிடாது. குவித்த சருகு அடுப்பு விறகைப்போல எரிவதில்லை. மேல்பக்கம் காற்று பட்டு எரியும். உட்பக்கம் காற்றில்லாமல் கனன்று புகையும். சருகு ஈரமாயிருந்தால் இன்னும் மோசம். அதில் எழும் துகள்களில் பெரும்பகுதி தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைந்தவை. அவை ஜன்னல் இடுக்கில் நுழைந்து நுரையீரலின் அடிவரைக்கும் போகும். கூடவே பால் கவரும் பழைய செருப்பும் பி.வி.சி. குழாய்த் துண்டும் அந்தக் குவியலில் விழுந்துவிட்டால், டையாக்சின் போன்ற நஞ்சுகளும் சேர்ந்துகொள்கின்றன.

மாலை வேளை தீயிடுவதற்கு மிகவும் தகாத வேளை. சூரியன் மறைந்ததும் நிலம் முதலில் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கீழே தங்க, வெப்பமான காற்று மேலே மூடிபோல் நிற்கிறது. புகை மேலே போக வழியின்றிக் கூரை உயரத்திலேயே படுத்துக்கிடக்கும். ஜனவரி மாதத்து விடியற்காலையில் லயங்களின்மேல் புகை விரிப்பாகக் கிடந்ததைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்படியானால் பகலில் எரிக்கலாமே என்றால், நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையேயுள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியாக நவம்பர் முதல் பிப்ரவரி வரை வீசும் கிழக்குக் காற்றைப் பாலக்காட்டார் அறிவார்கள். அந்தக் காற்றில் ஒரு பொறி போதும். 2018 மார்ச் 11 அன்று, கொழுக்குமலையிலிருந்து தேனி மாவட்டத்துக் குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காய்ந்த புல்லில் பரவிய தீ சூழ்ந்து, இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டுபோனார்கள். முள்ளில் பற்றிய தீ அயலானின் விளைச்சலை எரித்தால் கொளுத்தினவனே ஈடுகட்ட வேண்டும் என்ற பிரமாணத்தை யாத்திராகமம் 22-ஆம் அதிகாரத்தில் வாசித்திருக்கிறோம். அஜாக்கிரதையாகத் தீயைக் கையாளுவதை இந்நாட்டுச் சட்டமும் குற்றமென்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 287-ஆம் பிரிவு அதற்குரியது.

இருந்தாலும் அந்த அயலாரைத் துன்மார்க்கராக எண்ணிவிட வேண்டாம். கொசு போகும், சருகுக்குள் பாம்பு அடையாது, முற்றம் சுத்தமாயிருக்கும் என்று அவர்களுடைய தாய்தகப்பன்மார் செய்ததையே அவர்களும் செய்கிறார்கள். (புகை அடங்கியதும் கொசு திரும்பிவிடுகிறது என்பது வேறு விஷயம்.) தீ எரிகிற நேரத்தில் மதிலருகே நின்று பேசாதிருங்கள். கணவர் வந்திருக்கும் ஞாயிறு பிற்பகலில் இருவருமாய்ப் போங்கள். சபையாரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். "சேச்சி" என்று அழைத்து, தெரிந்த மலையாளத்தில், மகனுடைய இரவுகளை மாத்திரம் சொல்லுங்கள். சட்டத்தை அன்று எடுக்க வேண்டாம். பிறகு, "கரியில" எல்லாம் எங்களுக்குத் தாருங்கள் என்று கேளுங்கள். வெறுங்கையோடு போகாமல் இரண்டு சாக்குகளையும் எடுத்துப் போங்கள்.

போகுமுன் நம் வீட்டையும் ஒருதரம் யோசித்துப் பார்ப்பது தகும். உபவாச ஜெபத்தன்று நம் வீட்டு ஒலிபெருக்கி அந்தச் சேச்சியின் வீட்டுக்குள் போகவில்லையா? சென்னை மாதவரம் நெடுஞ்சாலையை ஒட்டிய கே.கே.ஆர். நகரில் ஒரு பெந்தெகொஸ்தே சபையின் மேளத்தையும் ஒலிபெருக்கியையும் குறித்து அக்கம்பக்கத்துக் குடியிருப்பார் தொடுத்த வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. பிறர் அமைதியைக் கெடுத்து ஜெபிக்க வேண்டுமென்று எந்த மதமும் விதிக்கவில்லை என்று 2000 ஆகஸ்டு 30 அன்று தீர்ப்பாயிற்று. நமக்கு அது கசப்பான தீர்ப்பு, ஆனால் நியாயமானது. மதிலைத் தாண்டி வரும் புகைக்கும் சத்தத்துக்கும் நியாயம் ஒன்றுதான்.

பேசியும் பயனில்லாவிட்டால் எழுத்துமூலம் போகலாம்; அதில் வெட்கமில்லை. எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு எரிந்தது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து, மருத்துவர் சீட்டின் நகலோடு வார்டு உறுப்பினரிடமும் உள்ளாட்சிச் செயலாளரிடமும் கொடுங்கள். திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் குப்பைமேடு பத்து நாளுக்கு மேல் எரிந்து நகரமே மூச்சுத் திணறிய பின்பு, கேரளத்து உள்ளாட்சிகள் முன்னிலும் கண்டிப்பாயிருக்கின்றன. பல வீடுகளுக்கும் உபத்திரவம் என்றால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ.விடம் மனுச்செய்யலாம். ஒரு வீட்டுக்கு மாத்திரமானால் அந்தப் பிரிவு உதவாது, சிவில் நீதிமன்றந்தான். 1999 ஜூலையில் பொது இடத்தில் புகைபிடிப்பதைப் பொதுத்தொல்லை என்று கேரள உயர்நீதிமன்றம் தீர்த்தபோது, அந்த அமர்வில் இருந்த நீதிபதி ஏ.ஆர். லட்சுமணன் தேவகோட்டையைச் சேர்ந்த தமிழர். ஊர்க்காரர், வெளியூர்க்காரர் என்று பாராத சட்டம் இது. சகோதரி பயப்பட வேண்டியதில்லை.

பிளாஸ்டிக்கை ஹரித கர்ம சேனையின் பெண்கள் வாசலிலேயே பெற்றுக்கொள்வார்கள். சருகுக்கு மூன்றடி ஆழக் குழி போதும். ஒரு அடுக்கு சருகு, அதன்மேல் சாணக்கரைசல், மேலே சிறிது மண். கைப்பிடியில் பிழிந்தால் ஈரம் தெரியுமளவுக்கு நீர் தெளித்து, மூன்று வாரத்துக்கொருமுறை கிளறிவிடுங்கள். தேக்கிலை மெதுவாக மக்கும். நறுக்கிப் போடுவது நல்லது. மிஞ்சியதைத் தென்னையின் வட்டப்பாத்தியில் மூடாக்காகப் பரப்பினால் மேடவெயிலிலும் வேரடியில் ஈரம் நிற்கும். பிப்ரவரியில் குழியிலிட்டது இடவப்பாதி மழையையொட்டி உரமாகிவிடும். அதில் ஒரு சாக்கை மதிலுக்கு அப்பால் கொடுத்தனுப்புங்கள். அது அவர்கள் வீட்டுச் சருகுதானே.