தீவனப்புல்லுக்கு யூரியா: கூடினால் மாட்டுக்கு ஆபத்து ஏன்?

கோ-5 கம்பு நேப்பியர் புல்லை முதலில் 75–80 நாளிலும், பிறகு 45 நாளுக்கு ஒருமுறையும் அறுக்கலாம். ஒவ்வொரு அறுப்பிலும் மண்ணின் தழைச்சத்து குறைவதால், அறுத்தபின் யூரியா இட்டால்தான் புல் மறுபடி தழைக்கும்.

மானிய விலையில் 45 கிலோ மூட்டை சுமார் 266 ரூபாய்தான். ‘இன்னும் ஒரு கை போட்டா என்ன?’ என்று தோன்றும். அளவு மீறினால் விளைச்சல் ஏறாது. தழைச்சத்து நைட்ரேட்டாகத் தண்டில் தேங்கும். வறட்சியில் வாடிய புல்லில் இது இன்னும் அதிகம்.

மாட்டின் வயிற்றில் அது நைட்ரைட்டாக மாறி, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க விடாமல் தடுக்கும். சில மணி நேரத்திலேயே மாடு சாகலாம்.

என்ன செய்யலாம்? யூரியாவைப் பிரித்துப் போடுங்க. போட்ட கையோடு அறுக்காதீங்க. வாடிய புல்லை மட்டும் கொடுக்காமல், வைக்கோல் கலந்து கொடுங்க.