சூரிய ஓடு: வரவும் செலவும்

வீட்டுக் கூரையே மின்சாரம் தரும் என்னும் பேச்சு இப்போது நம் சுரண்டைப் பக்கத்திலும் பரவியிருக்கிறது. கூரையை மூடும் ஓடாகவும், மின்சாரம் உண்டாக்கும் சாதனமாகவும் ஒருங்கே பயன்படும் ‘சூரிய ஓடு’ வாங்கலாமா, அதற்குச் சங்கத்தில் கடன் கிடைக்குமா என்று அங்கத்தினர் சிலர் வினவுகின்றனர். நகையை அடகு வைத்தாவது வாங்கிவிடலாம் என்று எண்ணுவோரும் உண்டு. ஆகவே நம் அபிப்பிராயத்தை ஒளிவு மறைவின்றிச் சொல்வது கடமை எனக் கருதுகிறோம்.

வெயிலை மின்சாரமாக மாற்றும் சிலிக்கன் மின்கலம் 1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாயிற்று. நம் மாநிலத்தில் 2011-ல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் ஏழைகளின் வீடுகளுக்கே சூரிய விளக்குகள் வந்தன. கூரை ஓட்டையே மின்கலமாகச் செய்யும் யோசனையை 2016 அக்டோபரில் டெஸ்லா நிறுவனம் உலகறியக் காட்டியது. பார்வைக்கு அது அழகானதே, அதை மறுக்கவில்லை. ஆனால் அழகு வேறு, குடும்பக் கணக்கு வேறு.

முதலில் வெப்பத்தைக் கவனிப்போம். மின்கலத்துக்கு வெளிச்சம் வேண்டும், சூடு ஆகாது. சூடு ஏற ஏற அதன் விளைச்சல் குறையும். கால் நாட்டி உயர்த்திய சூரியப் பலகையின் அடியில் காற்று புகுந்து சூட்டைத் தணிக்கும். கூரையோடு ஒட்டிப் படுக்கும் ஓட்டுக்கு அந்த வசதி குறைவு. அடுத்தது பழுது. மங்களூர் ஓடு உடைந்தால் வேறொன்றைச் செருகிவிடலாம். சூரிய ஓடோ ஒன்றோடொன்று கம்பியால் பிணைந்தது. குற்றாலத்துப் பக்கம் குரங்குகள் கூரையில் படுத்தும் பாட்டை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. பலகை பழுதானால் கழற்றி இறக்கலாம், வீடு நனையாது. ஓடு பழுதானால் மின்சாரமும் போகும், கூரையும் ஒழுகும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோவாட் பலகைக்குச் சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். சாரல் காலத்தில் குறையும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு ரூ. 30,000, இரண்டுக்கு ரூ. 60,000, மூன்றும் அதற்கு மேலும் ரூ. 78,000 என மானியம் அறிவிக்கப்பட்டது. உள்நாட்டு மின்கலத்தால் செய்த பலகைக்கே அது உரியது. இறக்குமதி ஓட்டை வாங்குவோர் மானியத்தை எதிர்பார்க்கலாகாது.

இரு மாதத்தில் 500 யூனிட் செலவிடும் வீட்டை எடுத்துக்கொள்வோம். 2022 செப்டம்பர் கட்டண விகிதப்படி, இலவசமான 100 யூனிட் போக, கட்டணம் ரூ. 1,725, ஆண்டுக்கு ரூ. 10,350. கிலோவாட்டுக்கு ரூ. 50,000 என்று வைத்து இரண்டு கிலோவாட் பலகை போட்டால், மானியம் போகக் கைப்பணம் ரூ. 40,000. சுமார் 4 ஆண்டில் முதல் திரும்பிவிடும். அதையே இருமடங்கு விலையுள்ள ஓட்டில், மானியமின்றிச் செய்தால் முதல் ரூ. 2 லட்சம், அது திரும்ப 19 ஆண்டுகளுக்கு மேலாகும். வட்டியை நாம் இதில் சேர்க்கவே இல்லை. புது வீடு கட்டுவோருக்குச் சாதாரண ஓட்டின் செலவு மிச்சமாகும் என்பது உண்மையே. எனினும் அந்த மிச்சம் இவ்வளவு பெரிய வித்தியாசத்தை ஈடுகட்டாது.

நிற்க. எல்லாருக்கும் பலகையும் தேவையில்லை. இரு மாதத்தில் 100 யூனிட்டுக்குள் அடங்கும் வீட்டுக்கு மின்கட்டணமே இல்லை. கைத்தறிக்கு 300 யூனிட்டும் விசைத்தறிக்கு 1,000 யூனிட்டும் இரு மாதத்துக்கு இலவசமென 2023-ல் உயர்த்தப்பட்டன. பம்புசெட் மின்சாரமும் விவசாயிகளுக்கு இலவசம். செலவே இல்லாத இடத்தில் எதைச் சேமிப்பது?

மற்றொரு எச்சரிக்கை. மின்வாரியக் கம்பியோடு இணைத்த, மின்கலத் தொகுப்பு இல்லாத சாதனம், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் தொழிலாளியின் உயிரைக் காக்கவே இந்த ஏற்பாடு. ‘இனி மின்வெட்டே இல்லை’ என்று சொல்லி விற்பவரை நம்பி ஏமாற வேண்டாம்.

ஆகவே அங்கத்தினர்களுக்கு நாம் கூறுவது இது. முதலில் ஓராண்டு மின்கட்டண அட்டையை எடுத்துக் கூட்டிப் பாருங்கள். தேவை உண்டென்றால் பலகையை நாடுங்கள். ஓட்டை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஆடிக் காற்றுக்குத் தாங்கும்படி கால்களை உறுதியாக நாட்டச் சொல்லுங்கள். தனித்தனியே பேரம் பேசாமல், விருப்பமுள்ளோர் சங்கத்தில் பெயர் கொடுத்துக் கூட்டாக விலை கேட்பது உசிதம். பழுதுபார்க்கப் பக்கத்திலேயே ஆள் உண்டா என்பதையும் எழுத்தில் பெறவேண்டும். அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக வைக்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.

வெயில் நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் பிடித்துவைக்கும் சாதனத்துக்கோ உழைத்துச் சேர்த்த காசைக் கொடுக்கிறோம். அந்தக் காசுக்குக் கணக்குப் பார்ப்பது கஞ்சத்தனமாகாது.