கதை படித்து அழுதால் நோயா?

சிதம்பரத்தில் இருந்து வாரம் இரண்டு நாள் கடலூர் மஞ்சக்குப்பத்துக்குப் போய் நோயாளிகளைப் பார்த்து வருகிறேன். சென்ற ஆனி மாதத்தில் ஒரு தாயார் தம் மகளை அங்கே அழைத்து வந்தார். எட்டாம் வகுப்பு படிக்கிற பெண். காலையில் எழுந்தால் தலைவலி, வயிற்று வலி. ராத்திரி தூக்கம் இல்லை.

"எல்லாம் கதைப் புத்தகத்தால வந்த வினை டாக்டர். எப்பப் பாரு புக்கும் கையுமாவே இருக்கா. போன வாரம் ஒரு சின்ன புக்கைப் படிச்சிட்டு ரெண்டு நாள் அழுதா. பித்தம் தலைக்கு ஏறிடுச்சோன்னு பயமா இருக்கு. மொத்தத்தையும் பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுடப் போறேன்" என்றார்.

நாடி பார்த்தேன். பித்தம் சற்று மிஞ்சித்தான் இருந்தது. ராத்திரி கண் விழித்தால் மிஞ்சாமல் என்ன செய்யும்? சுவரில் இருந்த காலண்டரைப் படிக்கச் சொன்னேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு தடுமாறினாள். சரி, தலைவலிக்குப் பாதிக் காரணம் தெரிந்தது, கண் டாக்டரிடம் காட்டச் சொன்னேன். வயிற்று வலி? "ஞாயிற்றுக்கிழமை வலிக்குமா பாப்பா?" என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டினாள். அம்மாவுக்கு இது அதுவரை தோன்றவே இல்லை.

"அழ வெச்ச புக்கு எது?"

பையில் இருந்து எடுத்துக் கொடுத்தாள். 'ஆயிஷா'. இரா. நடராசன் எழுதியது. கேள்வி கேட்டதற்காக வகுப்பில் அடி வாங்குகிற ஒரு மாணவியின் கதை. ஆசிரியர்களும் விரும்பிப் படித்த புத்தகம். இதை எழுதியவர் கடலூரிலேயே ஆசிரியராக இருந்தவர். வாசகர்கள் அவரை 'ஆயிஷா நடராசன்' என்றே சொல்வார்கள். 2014-ல் வேறொரு நூலுக்காக சாகித்திய அகாடமியின் பால சாகித்திய புரஸ்கார் பெற்றார்.

புத்தகத்தை இரவல் வாங்கிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். புதுச்சத்திரம் வருவதற்குள் முடித்துவிட்டேன். அடித்தால் வலிக்கக் கூடாது என்று மரத்துப்போகிற மருந்தைத் தனக்கே ஏற்றிக்கொண்டு அந்தப் பெண் இறந்து போகிறாள். எனக்கே தொண்டை அடைத்தது. இதைப் படித்து ஒரு பிள்ளை அழாமல் இருந்தால்தான் நான் கவலைப்படுவேன்.

அடுத்த முறை வந்தபோது அம்மாவைச் சற்று வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "படிச்சிட்டேன் கண்ணு. உன்னை யாராவது அடிக்கிறாங்களா?" என்று கேட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. கையை மட்டும் நீட்டினாள். விரல் முட்டிகளில் ஸ்கேல் அடி. ஒரு கணக்கில் சந்தேகம் கேட்டதற்காம். அதற்குப் பிறகு வகுப்பில் கேலிப் பெயர் வேறு. இரண்டு மாதமாக வீட்டில் சொல்லவில்லை. நாடி சொல்லாததை அந்தச் சின்னப் புத்தகம் சொல்லிவிட்டது!

"ஆயிஷா மாதிரி ஏதாவது செஞ்சுக்கணும்னு உனக்குத் தோணிச்சா?" என்றும் கேட்டேன். இல்லை என்றாள். இப்படி நேராகக் கேட்கப் பெற்றோர் பயப்படுகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. 'ஆமாம்' என்று பிள்ளை சொன்னால் தனியே விடாமல் உடனே டாக்டரிடம் போங்கள். 14416, 1098 என்ற எண்களையும் அழைக்கலாம்.

அவள் அப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்கத் தயக்கம். டி.சி. கொடுத்துவிடுவார்களோ என்று பயம். 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-வது பிரிவு, பிள்ளையை அடிப்பதையும் மனதை நோகடிப்பதையும் தடை செய்கிறது என்று எடுத்துச் சொன்னேன். இரண்டு வாரம் யோசித்துத்தான் போனார். அடி நின்றது. கேலி முழுசாக நிற்கவில்லை என்று கேள்வி.

எனக்கும் இந்தப் பைத்தியம் இருந்தது, மறைப்பானேன். சிதம்பரத்தில் ஏழாம் வகுப்பு படிக்கும்போது உறவினர் வீட்டில் பைண்டு செய்து வைத்திருந்த 'பொன்னியின் செல்வ'னைப் பிடித்தேன். அந்தக் கதை நம் பக்கத்து வீராணம் ஏரிக்கரையில்தான் தொடங்குகிறது. வந்தியத்தேவன் குதிரையில் வந்த கரையைப் பார்க்க நானும் ஒரு நண்பனும் சைக்கிளில் காட்டுமன்னார்கோயில் வரை மிதித்துப் போனோம். கல்கிக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தபோதுதான் அவர் 1954-லேயே காலமாகிவிட்டார் என்று தெரிந்தது. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. அம்மா சிரித்தார். அப்பா மட்டும், "விடு, பசிச்சா வருவான்" என்று அடுத்த பாகத்தைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார்.

இந்தப் பெண் ஒருவிதத்தில் கொடுத்து வைத்தவள். புதுமைப்பித்தன் 1906-ல் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில், ஜெயகாந்தன் 1934-ல் பிறந்தது இதே மஞ்சக்குப்பத்தில் என்று சொன்னபோது, "நெசமாவா சார்?" என்று வாயைப் பிளந்தாள். எழுதுகிறவர்கள் எல்லாம் வெளியூர் என்று நினைத்திருந்தாளாம்.

அதற்காக ராத்திரி ஒரு மணி வரை படிக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில் படிப்பது கூடவே கூடாது. செவ்வாய், வெள்ளியில் நல்லெண்ணெய் தேய்த்துத் தலைமுழுகலாம். பொன்னாங்கண்ணிக் கீரையை அடிக்கடி சேர்க்கலாம். ஆனால் கீரை தின்றால் கண்ணாடி போட வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தினம் இரண்டு மணி நேரம் வெளிச்சத்தில் ஓடி ஆடினால் கிட்டப்பார்வை வருவது குறையும் என்று இப்போது கண்டிருக்கிறார்கள். எல்லாப் புத்தகமும் எல்லா வயதுக்கும் ஆகாது என்பதும் சரிதான். ஆனால் தாய்மாரே, ஆகுமா ஆகாதா என்று படிக்காமலே எப்படிச் சொல்வீர்கள்?

போன வாரம் அந்தப் பெண் புதுக் கண்ணாடியோடு வந்தாள். "என்ன, புக்கெல்லாம் பேப்பர்காரன்கிட்ட போயிடுச்சா?" என்றேன்.

"இல்ல சார். 'ஆயிஷா'வை அம்மா எடுத்துக்கிட்டாங்க. பாதியில வெச்சிருக்காங்க. அழுகை வருதாம்."