காருக்குள்ள சவுண்டு சிஸ்டம்... பாட்டுக்கு முன்னாடி ஃபியூஸ்!

1941-லேயே ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தயாரிக்க முடியும் என்று அறிவித்தவர் ஜி.டி.நாயுடு. தானே செய்து பார்ப்பது கோவைக்குப் புதிதல்ல. ஆனால், காரில் ஆம்ப்ளிஃபயர் மாட்டுவதில் கவனம் வேண்டும்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட வேண்டும். பாசிட்டிவ் கேபிளில், பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் கட்டாயம். அது இல்லாமல், உரசித் தேய்ந்த கேபிள் பாடியில் பட்டால் தீப்பிடிக்கலாம்.

அடுத்து டியூனிங். கெயின் என்பது வால்யூம் அல்ல. ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னலுக்கு ஆம்ப்ளிஃபயரைப் பொருத்தும் திருகு. முழுதாகத் திருகினால் ஒலி சிதறும், ஸ்பீக்கர் கருகும். மெல்ல ஏற்றி, சிதறல் கேட்டதும் சற்றுக் குறைத்தால் போதும். சப்வூஃபர் இருந்தால், கதவு ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸில் ஹைபாஸ் வைக்கலாம்.

கடைசி டெஸ்ட், அவிநாசி ரோட்டில். பின்னால் வரும் ஆம்புலன்ஸின் சைரன் காதில் விழுந்தால், அதுதான் சரியான வால்யூம்!